தென்மராட்சியில் ஒரு நிலைபேறான வாழ்வு நிலையத்தில் தொண்டராக இருக்கிறேன்: இந்த வாழ்க்கையோடு ஒட்டிக்கொள்வது எப்படி?

எழுதியவர்: புரட்டாதி

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். அம்மம்மாவின் ஊர் தென்மராட்சி என்பதைத் தவிர, யாழ்ப்பாணத்தோடு எனக்கு அதிகப் பழக்கம் இல்லை. அலுவலகத்தில் சம்பளமற்ற நீண்ட விடுமுறை பெற்று, சாவகச்சேரியிலிருந்து உட்புறமாக உள்ள ஒரு நிலைபேறான வாழ்வு நிலையத்தில் தொண்டராகச் சேர்ந்து சில கிழமைகள் ஆகின்றன. தைப்பொங்கல் வரை தங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவது நிலையத்தைப் பற்றிய முறைப்பாடு அன்று என்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

விடியற்காலையில் எழுந்து நாற்றுமேடைக்கும் மரக்கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்றுவது, மூடாக்கு இடுவது, கூட்டெருக் குவியலைப் புரட்டுவது, முறை வைத்துச் சமைப்பது, மாலையில் எல்லோரும் வட்டமாக அமர்ந்து அன்றைய நாளைப் பற்றிப் பேசுவது என்று எங்கள் நாள் கழிகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சிலரும், புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும், அயலூர் இளைஞர்கள் சிலரும் இருக்கிறோம். மின்விசிறி இல்லை என்பதும், குளிப்பது கிணற்றடியில் என்பதும், தண்ணீர் ஊற்றாத உலர் மலசலகூடத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் முன்பே சொல்லப்பட்டவைதாம். அவற்றுக்கு உடம்பு மெதுவாக இணங்கி வருகிறது.

மனம்தான் இணங்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேறொரு வேலை தரப்படுவதால், எதையும் சரியாகச் செய்யத் தெரியாதவளாகவே நாள் முடிகிறது. நான் அரை நாள் வெட்டிய பாத்தியை, பக்கத்துக் காணியில் கூலிக்கு வரும் அம்மா ஒருவர் கால் மணி நேரத்தில் வெட்டிவிடுவார் என்பது எனக்குத் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. ஒழுங்கையால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிக்கிறார்கள். கேலி என்று சொல்ல முடியாவிட்டாலும் அந்தச் சிரிப்பு கூச்சத்தைத் தருகிறது. ஊரில் இருக்கும் உறவினர்களோ, படித்த பிள்ளை சம்பளமும் இல்லாமல் ஏன் மண்வெட்டி பிடிக்கிறாள் என்று அம்மாவிடம் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் நீண்ட காலம் தங்கியவர்களும், இத்தகைய நிலையங்களுக்கு அயலில் வாழ்பவர்களும் இங்கே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதல் சில மாதங்களில் எதைப் பற்றிக்கொண்டால் இந்த வாழ்க்கையில் கால் ஊன்ற முடியும்? ஊராரோடு பழகுவதற்கு எங்கிருந்து தொடங்குவது?

எழுதியவர்: ஒழுங்கை

வணக்கம் தங்கச்சி. வன்னியிலும் பின்னர் குடாநாட்டிலும் இத்தகைய இரண்டு இடங்களில் தொண்டர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் சோர்வு பெரும்பாலும் வேலைப் பங்கீட்டு முறையிலிருந்து வருவது. உங்கள் திறமைக் குறைவோடு அதற்கு அதிகத் தொடர்பில்லை. எல்லா வேலையையும் எல்லோரும் அறிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு நிலையங்கள் சுழற்சி முறையை வைக்கின்றன. பத்து நாட்கள் தங்கிச் செல்பவருக்கு அது பொருந்தும். மாரி முழுவதும் தங்கப்போகிறவருக்கு அது பொருந்தாது, ஏனெனில் ஒரு வேலையின் விளைவைப் பார்ப்பதற்கு முன்பே அவர் வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டுவிடுகிறார்.

ஆகவே, சுழற்சியில் உங்கள் பங்கைச் செய்துகொண்டே, உங்களுக்கென்று நிரந்தரமான ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். இப்போதைய பருவத்தில் அதற்கு மிகவும் உகந்தது நாற்றுமேடை. மாரிக்கான மிளகாயும் கத்தரியும் இப்போதுதான் மேடையில் இருக்கும். சோழகக் காற்று இன்னும் முற்றாக ஓயாத நாட்களில், காலையில் நனைத்த மேடை பதினொரு மணிக்குள் பொருக்கு வெடித்துவிடும் என்பதையும், எறும்பு எந்த மூலையிலிருந்து விதையை இழுக்கிறது என்பதையும், நிழலுக்கு வைத்த தென்னோலையை எப்போது விலக்கினால் நாற்று நெடுத்துப் போகாமல் நிற்கும் என்பதையும் நாளும் அதே இடத்துக்குப் போகிறவர் மட்டுமே அறிவார். அதன்பின், நாற்று நடவுக்குத் தயாரா என்று நிலையத்தார் உங்களிடம் வந்து கேட்பார்கள். ஒருவர் பழகிவிட்டார் என்பதற்கு நான் கண்ட நம்பகமான அடையாளம் அந்தக் கேள்விதான். மாலை வட்டத்தில் சொல்லப்படும் நன்றிகளை நான் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த மாலை வட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் அது ஆங்கிலத்தில் நடக்கிறது என்றே ஊகிக்கிறேன். அப்படியானால் அயலூர் இளைஞர்கள் பேசாமல் அமர்ந்திருப்பார்கள். வந்தவர்களோ அவர்களுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். கிழமையில் இரண்டு நாளாவது தமிழில் நடத்தி, தேவையானவர்களுக்கு ஒருவர் அருகிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று முன்மொழியுங்கள். இரண்டு மொழியும் அறிந்த உங்களைப் போன்றவர்கள் இருக்கும்போது இதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. நாங்கள் இதைச் செய்த இடத்தில், எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்த்துச் சவராகும் என்ற தகவல் முதல் நாளே வெளிவந்தது. அதுவரை யாரும் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கவில்லை.

பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வெயிலில் நிற்க வேண்டாம். ஊரில் யாரும் அந்நேரத்தில் தோட்டத்தில் நிற்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எழுதியவர்: செம்மண்

நான் வலிகாமத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் செய்யும் கமக்காரன். பிள்ளை குறிப்பிட்ட, வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிக்கும் ஆட்களில் ஒருவன் என்றே என்னை வைத்துக்கொள்ளலாம். எனவே அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், 'சேதனப் பசளை', அதாவது இயற்கை எரு, என்ற சொல்லை ஒரு கமக்காரரிடம் எடுப்பதற்கு முன்பு, 2021 ஆம் ஆண்டில் நடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தது. நிலத்தைப் பழக்குவதற்கு அவகாசமும் இல்லை, மாற்றுப் பசளையும் போதவில்லை. நவம்பரில் தடையை விலக்கியபோது மாரிக்குரிய காலபோகப் பயிர் ஏற்கெனவே பின்தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு டொலர் நெருக்கடியில் பசளையின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பயிரை நம்பிக் கடன் வாங்கியவர்கள் அந்த இரண்டு போகங்களை மறக்கவில்லை. ஆகையால் நிலையத்துப் பிள்ளைகள் வந்து இயற்கை வேளாண்மையைப் பற்றி எடுத்துச் சொல்லத் தொடங்கினால், எங்களுக்கு அந்த ஆண்டின் அறிவிப்புகள்தாம் காதில் விழுகின்றன. அது உங்களுடைய குற்றமன்று என்றாலும், பேச்சை அங்கிருந்து தொடங்குவது வீண்.

அதற்காக எங்களுக்கு இது தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். என் தகப்பனார் காலத்தில் பூவரசு, கிளுவை, வாதநாராயணி, ஆமணக்கு ஆகியவற்றின் குழையை வெட்டித் தோட்டத்து மண்ணில் பசளையாகப் புதைத்துத் தாழ்ப்பது ஆண்டுதோறும் நடந்த வேலை. பனையோலையையும் தாழ்ப்பார்கள், அது உக்குவதற்கு நீண்ட காலம் எடுக்கும், ஆனால் ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். தோட்டத்தில் மாட்டுப்பட்டியும் ஆட்டுப்பட்டியும் அடைப்பார்கள். வேலி என்பது வெறும் எல்லை அன்று. குழை தரும் தோட்டமும் அதுவே. மதில் கட்டத் தொடங்கியபோது குழையும் போயிற்று. நீங்கள் வெளிநாட்டுப் பெயரோடு கற்கும் பலவற்றை இந்த ஊரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட எவரும் செய்திருப்பார். எனவே சொல்லிக்கொடுக்கப் போகாமல் கேட்கப் போங்கள். எந்தக் குழை எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் உக்க விட வேண்டும், எந்த மாதத்தில் வேலிக்குக் கதியால் (நடும் தடி) போட்டால் துளிர்க்கும் என்று கேளுங்கள். வேலி அடைக்கும் நாளில் உதவிக்கு நில்லுங்கள். பனையோலை வேலியைக் கட்டப் பழகுவதற்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. சிரிப்பு அன்றே நின்றுவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்தவர் தேநீர் கொண்டுவருவார்.

அடுத்தது கூலி விடயம். இதைப் பலர் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். முன்பு ஒரு காணியில் பாத்தி கட்டவும் களை பிடுங்கவும் நாட்கூலிக்குப் போன பெண்கள், அங்கே தொண்டர்கள் நிறைந்தபின் வேலை இழந்தார்கள் என்றால், அந்தத் தொண்டு யாருடைய சோற்றிலிருந்து வந்தது என்ற கேள்வி எழும். உங்கள் நிலையம் அப்படிச் செய்கிறது என்று நான் கூறவில்லை. ஆயினும் நிலையத்தாரிடம் இதைக் கேளுங்கள். பக்கத்துக் காணியில் வேலை செய்யும் அந்த அம்மாவைக் கூலி கொடுத்து அழைத்து, உங்களுக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்பிக்கச் சொல்ல முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். வெளியூரிலிருந்து பயிற்சியாளரை அழைத்தால் பணம் கொடுக்கிறார்கள் அல்லவா?

எழுதியவர்: வாடைக்காற்று

உடல்நலம் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். நானும் ஒரு மாரியை இப்படியான இடத்தில் கழித்தவள்.

ஐப்பசியில் மழை பிடித்தபின் இந்த வாழ்க்கையின் முகமே மாறிவிடும். தண்ணீர் ஊற்றும் வேலை குறைந்து, சேற்றில் நிற்கும் வேலை கூடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகளும் ஏற்பட்டன என்பதை நினைவில் வைத்திருங்கள். வெள்ளம் நின்ற வயலிலோ வாய்க்காலிலோ இறங்குவதாக இருந்தால், முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் சப்பாத்து அணியாமல் இறங்க வேண்டாம். மழைக்குப் பின் டெங்குவும் வரும். நிலையத்தில் மழைநீர் சேர்க்கும் பீப்பாக்கள் இருந்தால் அவற்றை வலையால் மூடுவதை யாராவது ஒருவர் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்வது நல்லது. சுற்றுச்சூழலைப் பேணும் இடத்தில் நுளம்பு வளர்ந்தால் சுகாதாரப் பரிசோதகருக்கு மட்டுமன்றி ஊருக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவராக இருந்தால், நுளம்பு வலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். நுளம்புக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுவிரியன் இரவில், நித்திரையில் இருப்பவர்களையே பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாது என்பதால் காலம் கடந்துவிடும். மூடாக்குக் குவியலையும் ஓலைக் கட்டையும் வெறுங்கையால் தூக்காதீர்கள். அங்கே புடையன் பாம்பு படுத்திருக்கும். தீண்டினால் விஷக்கடி வைத்தியம், கட்டுப்போடுதல், கீறிவிடுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நள்ளிரவில் வாகனம் தரக்கூடியவர் யார் என்பதை இப்போதே அறிந்து வைத்திருங்கள்.

உறவினர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு அழைத்து, நீங்கள் சமைத்த ஒடியற்கூழைக் கொடுங்கள். கேள்விகள் நிற்காது, ஆனால் அதன்பின் கூழில் என்ன குறை என்பதைப் பற்றியதாக மாறிவிடும்.

எழுதியவர்: பழைய வாசகன்

செம்மண் எழுதியதில் ஒன்றைத் தொடர்ந்து சொல்ல விரும்புகிறேன். தொண்டராகக் கிராமத்துக்குப் போய் மண்ணில் வேலை செய்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1958 இல் தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் சிரமதானங்களைப் பலர் அறிவர். 1970களின் பிற்பகுதியில் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தியம் இயக்கம், வவுனியாவைத் தளமாகக் கொண்டு, 1977 கலவரத்தில் இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்களை வடக்கு, கிழக்குப் பகுதிகளில் குடியமர்த்தியது. யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர்கள் பலர் அதில் தொண்டர்களாகப் பணியாற்றினார்கள். 1983 இல் இருவரும் கைதுசெய்யப்பட்டதோடு அந்தப் பணி நொறுங்கியது. அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களுள் இராஜசுந்தரமும் ஒருவர். அன்று தொண்டர்கள் சென்றது நிலமற்ற குடும்பங்கள் நிலத்தில் வேரூன்றுவதற்கு உதவ. இன்றைய நிலையங்களுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் வாழ்க்கையைச் சீர்செய்துகொள்ளச் செல்கிறார்கள். இரண்டாவதில் தவறு ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் முதலாவதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் 'தொண்டு' என்ற சொல்லைக் கேட்டவுடன், யாருக்கு என்று கேட்பார்கள். அதற்கு நேர்மையான விடை ஒன்றை வைத்திருங்கள். 'நான் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்' என்பது போதிய விடைதான்.

இன்னொன்றும் உண்டு. 1990 முதல் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் பற்றரியும் பசளையும் கிடைக்கவில்லை. ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி வைத்து, சில துளி எண்ணெயில் எரியும் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். கிணற்றில் நீர் இறைப்பதற்கு, கைவிட்டிருந்த துலாக்களை மீண்டும் பூட்டியவர்களும் உண்டு. நீங்கள் இன்று விரும்பி ஏற்கும் எளிமையை நாங்கள் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டவர்கள். அதனால்தான், மின்விசிறியின்றி வாழ்வதன் இனிமையை ஒருவர் எடுத்துரைக்கும்போது எங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. ஆயினும் அந்த ஆண்டுகளைப் பற்றி உட்கார்ந்து கேட்பவர் கிடைத்தால் நாங்கள் நிறுத்தாமல் பேசுவோம். பயனுள்ள செய்முறைகளும் அதில் நிறைய இருக்கும். இப்போது பனம்பழம் விழும் காலம். பழக்களியை வெயிலில் காயவைத்துப் பனாட்டுப் போடுகிறவர்களும், கிழங்குக்காகப் பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்குகிறவர்களும் உங்கள் அயலிலேயே இருப்பார்கள். இப்போது பாத்தி போட உதவினால், நீங்கள் ஊர் திரும்பும் பொங்கல் நாட்களில் கிழங்கு கிண்டவும் அவர்களோடு நிற்கலாம்.

எழுதியவர்: புரட்டாதி

எல்லோருக்கும் நன்றி. ஒழுங்கை அக்கா சொன்னபடி நாற்றுமேடையைக் கேட்டேன், தந்துவிட்டார்கள். மாலை வட்டத்தைத் தமிழில் நடத்துவது பற்றி இந்தக் கிழமை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செம்மண் ஐயா எழுப்பிய கூலிக் கேள்வியையும் கேட்டேன். களை பிடுங்க முன்பு வந்த இரண்டு பெண்கள் இப்போது வருவதில்லை என்பது உண்மையே என்றார்கள். கற்பிப்பதற்காக அவர்களை மீண்டும் அழைப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை.

வேறொரு விடயம் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பக்கத்து வளவிலுள்ளவர்கள் எங்கள் உலர் மலசலகூடத்தைப் பற்றி அஞ்சுகிறார்கள். அதனால் தங்கள் கிணறு கெட்டுவிடும் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். தண்ணீரைச் சேமிப்பதற்காகத்தான் உலர் முறை என்று எனக்குச் சொல்லப்பட்டது. அதை அப்படியே அவரிடம் திருப்பிச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவருடைய அச்சத்துக்கு அடிப்படை உண்டா? அந்த எருவைப் பயிருக்கு இடலாமா?

எழுதியவர்: கிணற்றடி

நீர்வளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். சற்று நீளும்.

அவருடைய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அவர் சுட்டும் இடம் தவறாக இருக்கலாம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அந்த நன்னீர், அடியில் உள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதையே மறுபக்கமாகப் பார்த்தால், மேல்மட்டத்தை ஓரடி இறைத்துத் தாழ்த்தும்போது அடியிலிருந்து உவர்நீர் பல அடி மேலே வர இடமளிக்கிறோம். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த அமைப்பைக் கண்ணால் காட்டுகிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இயந்திரம் களைப்பதில்லை. ஆகவே தண்ணீரைச் சேமிப்பது என்று உங்களுக்குச் சொன்ன காரணம் சரியானதே.

ஆனால் அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் சாதாரண மலசலகூடத்தின் குழி, பெரும்பாலான வளவுகளில் அடி மூடப்படாத ஊறற்குழிதான். களிமண் நிலத்தில் அந்த நீர் மெல்ல வடிகட்டப்பட்டுக் கீழே இறங்கும். சுண்ணாம்புக்கல் வெடிப்பிலும் மணலிலும் அந்த வடிகட்டல் போதுமான அளவு நடைபெறாமல் போகலாம். அது நேரே கிணற்றைச் சேரவும் கூடும். தோட்டங்களில் அளவுக்கு மீறி இடப்படும் யூரியாவும் இதனோடு சேர்வதால்தான், செறிவாகப் பயிர்செய்யும் வலிகாமப் பகுதியின் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் பல காட்டியுள்ளன. நைத்திரேற்று கலந்த நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. இதில் பலர் அறியாத ஒன்று, கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இந்தப் பின்னணியில், ஒழுங்காகக் கட்டி ஒழுங்காகப் பராமரிக்கப்படும் உலர் மலசலகூடம் அயற்கிணற்றுக்கு ஊறற்குழியைவிடப் பாதுகாப்பானது. அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நீங்கள் நேரில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மலம் விழும் அறையின் அடி சீமெந்தால் மூடப்பட்டிருக்க வேண்டும். அது வெறும் மண்ணாக இருந்தால் அயலவர் சொல்வது சரி. மழைநீர் உள்ளே இறங்காதபடி அறையின் அடித்தளம் நிலமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தென்மராட்சியின் தாழ்ந்த காணிகளில் மார்கழியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைக் கோடையில் கட்டியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள், ஊராரிடம் கேளுங்கள். பிறகு, சிறுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இதைத்தான் பலர் கவனியாது விடுகிறார்கள். மனிதக் கழிவிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது. மலத்தை எவ்வளவு கவனமாகச் சாம்பலும் உமியும் இட்டு மூடினாலும், சிறுநீர்க் குழாய் ஒரே இடத்தில் மணலுக்குள் விடப்பட்டிருந்தால் நைத்திரேற்றைப் பொறுத்தவரை பயன் மிகக் குறைவு. அதைச் சேகரித்து, நீர் கலந்து, பயிர் எடுத்துக்கொள்ளும் அளவில் பல இடங்களுக்குப் பங்கிட வேண்டும். கடும் மழை நாட்களில் ஊற்றக் கூடாது. வேர் எடுப்பதற்கு முன்பே கீழே இறங்கிவிடும்.

எருவைப் பொறுத்தவரை, இரண்டு அறைகள் இருந்து, நிறைந்த அறையை மூடி வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துவதே முறை. எங்களுடையதைப் போன்ற வெப்பமான காலநிலையில் குறைந்தது ஓராண்டுக்கு மேல் புதிதாக எதுவும் சேர்க்காமல் உலர விட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடற்புழுவின் முட்டைகள் மற்றக் கிருமிகளைவிட நீண்ட நாள் தாங்கும் என்பதால் இந்தக் காலத்தைக் குறைக்கக் கூடாது. அதன்பிறகும் கீரைக்கும், பச்சையாக உண்ணும் எந்தப் பயிருக்கும் இடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாமரத்துக்கும் தென்னைக்கும் வேலிக் கதியாலுக்கும் இடலாம். ஊராரின் மனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் கத்தரிக்காயைச் சாவகச்சேரிச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது, அது எந்த எருவில் விளைந்தது என்ற பேச்சு உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அயலவரிடம் விளக்கம் சொல்வதைவிட, நிலையத்தின் செலவில் அவருடைய கிணற்றையும் உங்கள் கிணற்றையும் ஒருங்கே பரிசோதிக்க முன்வாருங்கள். பெறுபேறு உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் அவரிடம் காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே நிலையத்தாருடன் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

எழுதியவர்: புரட்டாதி

மிக்க நன்றி ஐயா. போய்ப் பார்த்தேன். அறைகளின் அடி சீமெந்துதான். சிறுநீர்க் குழாய் வாழைப்பாத்தி ஒன்றுக்குள் போகிறது. நீண்ட காலமாக அதே பாத்திதான் என்று சொன்னார்கள். அதை மாற்றி, கலனில் சேகரிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீர்ப் பரிசோதனைக்கும் சம்மதம். அதை மழைக்கு முன் செய்வதா, மழைக்குப் பின் செய்வதா? மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

எழுதியவர்: கிணற்றடி

இரண்டு முறையும் செய்யுங்கள். இப்போது எடுப்பது கோடையின் அடிநிலையைக் காட்டும். உவர்த்தன்மையையும் இந்த நேரத்தில்தான் நன்றாக அறியலாம். மழை, மண்ணில் தேங்கிய நைத்திரேற்றைக் கீழே இழுத்து வரும் என்பதால், கார்த்திகையின் பிற்பகுதியிலோ மார்கழியிலோ இரண்டாவது மாதிரியை எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வாழைப்பாத்தியில் ஏற்கெனவே இறங்கியிருப்பது இந்த மாரியில் வெளிப்படக்கூடும் என்பதையும் அயலவரிடம் முன்பே கூறிவிடுங்கள்.

கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடமே தொற்றுநீக்கிய போத்தல் தரும். கடைப் போத்தலைப் பயன்படுத்தக் கூடாது. நைத்திரேற்றுக்குச் சுத்தமான போத்தல் போதும். எடுப்பதற்கு முன் அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசுங்கள். தொற்றுநீக்கிய போத்தலை மட்டும் அலச வேண்டாம். வாளியை நீரின் மேற்பரப்பில் மட்டும் தோய்க்காமல், சற்று ஆழத்துக்கு இறக்கி எடுங்கள். ஐஸ்கட்டி வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வரை வைத்திருக்கக் கூடாது. இரண்டு வீட்டு மாதிரிகளையும் ஒரே காலையில், அயலவரும் நிற்கும்போது எடுங்கள். போத்தலில் பெயரை அவரே எழுதட்டும்.